பொறுங்கோ அண்ணையின் லைன்

ரொறொன்ரோவில் எதற்கும் அவசரப்படாத ஒரே மனிதர் எங்கள் பொறுங்கோ அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் நான் சேர்ந்த அலுவலகத்தில் கொம்பியூட்டர் லைன்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கொம்பியூட்டரும் என் சொல் கேட்கும் என்று நினைப்பு. காலையில் எல்லாரும் ஒரேயடியாகப் பிறம்ரன் நகரிலிருந்த எங்கள் கிடங்குக்குக் கொம்பியூட்டரில் சாமான் ஓடர் அனுப்புவோம். லைன் அடைத்துக்கொள்ளும். பதில் வராத கோபத்தில் நான் திரும்பத் திரும்ப அனுப்புவேன்.

"பிள்ளை, பொறுங்கோ! கையை எடுங்கோ. லைன் சாகேல்லை, நெரிசல். நீங்கள் அனுப்ப அனுப்ப இன்னும் இறுகும்."

"எவ்வளவு நேரம் பொறுக்கிறது, அண்ணை?"

"பதில் வரேல்லையெண்டால் கொஞ்சம் நில்லுங்கோ. திரும்பவும் வரேல்லையோ, ரெண்டு மடங்கு நில்லுங்கோ. பிறகு நாலு மடங்கு."

அப்படிச் செய்தால் லைன் உண்மையிலேயே இளகியது. எனக்கு அதுதான் எரிச்சல்.

அவர் வாழ்ந்ததும் அதே விதிப்படிதான். எங்களோடு வேலை செய்த செல்வி அக்கா ஒருமுறை வோபர்ன் பகுதியிலிருந்த தன் வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டா. அண்ணை வாசல் மணியை அடித்தார். கறி கொதித்த சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் பனியில் தெருவை ஒருமுறை சுற்றிவந்து அடித்தார். பிறகு இரண்டு சுற்று. நாங்கள் கண்டபோது மீசையில் ஐஸ் கட்டியிருந்தது.

"கதவிலை ரெண்டு தட்டுத் தட்டியிருக்கலாமே, அண்ணை!"

"உள்ளுக்கை உங்களுக்கு என்ன நெருக்கடியோ எண்டு..."

யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுப்பதிலும் அதே கணக்குத்தான். அவருடைய அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில்தான் போன். லைன் கிடைப்பதேயில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அண்ணை இடைவெளியை இரட்டிப்பாக்கினார்.

"அடுத்தது எப்ப, அண்ணை?"

"சித்திரையிலை."

அப்போது மார்கழி.

"பெத்த தாயோடை கதைக்கவும் உந்தக் கணக்கோ? நாளைக்கே எடுங்கோ!"

"எல்லாரும் உப்பிடி எடுத்தால் ஒருத்தருக்கும் கிடையாது, பிள்ளை. ஆருக்கோ என்னைவிட அவசரமாயிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. ஊரிலிருந்த என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் கடிதத்தை அடுத்த வீட்டார்தான் வாசித்துக் காட்டவேண்டும். அதனால் சனிக்கிழமைகளில் விரல் நோகும்வரை போனைச் சுழற்றுகிறவள் நான்.

சித்திரை வந்தது. செல்வி அக்கா தனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் கட்டளை போட்டா: "சனிக்கிழமை காலமை ஊருக்கு ஒருத்தரும் எடுக்கப்படாது. அது அண்ணையின்ரை நாள்."

அன்று காலை என் நிலக்கீழ் அறையில் போனுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த அறை அவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது.

திங்கட்கிழமை ஓடிப்போய்க் கேட்டேன். "கிடைச்சுதோ, அண்ணை?"

"முதல் தரத்திலேயே! அம்மா கதைச்சவ!"

"கனநேரமோ?"

"இல்லை, சுகம் கேட்டிட்டு உடனை வைச்சிட்டன். பாவம், எத்தினை பேர் லைனுக்குக் காத்துக்கொண்டிருந்திருப்பினம்."

அந்தக் காலையில் லைனை அவருக்கே விட்டிருந்தோம் என்று நாங்கள் இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.