கரண்ட் இல்லாத இடம்

கூட்டாளி நல்லரத்தினத்தை வினாயகமூர்த்தி கடைசியாக உயிரோடு கண்டது கொக்கட்டிச்சோலைச் சந்தையடியில். ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, மறுகையில் சின்ன றேடியோ. றேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு கிழக்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம் என்று கிறுகிக்கொண்டு நின்றார். கத்தரிக்காய் ஒவ்வொன்றாக நிலத்தில் விழுவதும் அவருக்குத் தெரியவில்லை.

"மச்சான், இதுக்குள்ள ஒருத்தி என்னை மதிப்புக்குரிய நேயரே எண்டு கூப்பிடுறா," என்றார். "உன்னை ஆரும் அப்படிக் கூப்பிட்டிருக்காங்களா?"

வினாயகமூர்த்தி யோசித்துப் பார்த்தார். யாரும் கூப்பிட்டதில்லை.

அடுத்த கிழமை நல்லரத்தினம் நித்திரையிலேயே போய்விட்டார். அந்த றேடியோவை ஒரு ஞாபகத்துக்காகக் கேட்கலாம் என்று வினாயகமூர்த்தி மரியாதைக்குச் சில நாள் பொறுத்திருந்தார். பொறுத்தது பிழை. அதற்குள் நல்லரத்தினத்தின் மனைவி அதைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கிவிட்டாள். வாளி நல்ல வாளிதான். ஆனால் அது யாரையும் மதிப்புக்குரிய என்று கூப்பிடாது.

வினாயகமூர்த்தி தீர்மானித்துவிட்டார். தனக்கென்று ஒரு றேடியோ. சிற்றலை பிடிக்கிற றேடியோ.

'தனக்கென்று' என்பதில்தான் விசயம் இருந்தது. வீடு மனைவி கேதீஸ்வரியின் சீதனம். வளவும் சீதனம். ஊருக்கு வெளியே வட்டையில், அந்த வயல்வெளியில், கிடக்கிற வயலும் சீதனம். அடுத்த வீடு அவளுடைய தங்கை சின்னத்தங்கத்தின் சீதனம். அந்தப் பக்கத்து மாப்பிள்ளைமார் ஒரு சூட்கேசோடு வந்து சேருகிறவர்கள். வினாயகமூர்த்தியின் சூட்கேசில் இப்போது விதைப் பயறு இருக்கிறது. கட்டில், கதிரை, நாய் எல்லாம் கேதீஸ்வரியின் சொல்தான் கேட்கும். நாய்க்காவது சில நேரம் சுயபுத்தி வரும். தான் திருகினால் பேசி, தான் திருகினால் வாய் மூடுகிற ஒரு பொருள் அந்த வீட்டில் அவருக்கு வேண்டியிருந்தது.

கேதீஸ்வரிக்கு வேறு கவலை. வயலில் வேளாண்மை கதிர் தள்ளிவிட்டது. பன்றி இறங்குகிற காலம். வருடாவருடம் வயல் வாடிக் குடிலில் படுத்துக் காவல் பார்க்கிற அவளுடைய தம்பி உதயரூபன் இந்த முறை கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். புருசனைக் கேட்டாள். முழங்கால் என்றார். பனி என்றார். யானை என்றார். எல்லாம் சொல்லி முடிந்ததும் திரும்ப முழங்கால் என்றார். அதே முழங்காலால் அடுத்த நாள் காலையில் சைக்கிள் மிதித்து, மண்முனைப் பாலம் கடந்து, காத்தான்குடிக்குப் போனார்.

முகைதீன்பாவாவின் கடையில் றேடியோக்கள் மாலை போட்ட மாப்பிள்ளைகள்போல வரிசையாக நின்றன. ஒன்றில் டோர்ச். ஒன்றில் மணிக்கூடு. ஒன்று வெயிலில் வைத்தால் சார்ஜ் ஆகும். ஒன்று கள்ளன் வந்தால் அலறும்.

"காக்கா, இது சிற்றலை எடுக்குமா?" என்று முகைதீன்பாவாவைக் கேட்டார்.

"எல்லாம் எடுக்கும் அண்ணன்."

"நான் கேட்டது சிற்றலை."

"சிற்றலை, பேரலை, என்னத்தையும் எடுக்கும். நீங்க பேர்ஸை எடுத்தாச் சரி."

வினாயகமூர்த்தி லேசில் ஏமாறுகிற ஆளில்லை, வெளியில். பளபளப்பைப் பார்க்காதே, முள்ளைப் பார் என்று நல்லரத்தினம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு றேடியோவாகக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், ஏரியலை முழுக்க இழுத்து, மயிரிழை மயிரிழையாகத் திருகினார். டோர்ச் வைத்தது முள்ளை எங்கே வைத்தாலும் ஒரே பாட்டைப் பாடியது. மணிக்கூடு வைத்ததில் முள் வழுக்கியது. கடைசியில் அடித்தட்டில் தூசி பிடித்துக் கிடந்த கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். முள் நின்ற இடத்தில் நின்றது. அதில் ஒரு டோர்ச்கூட இல்லையே என்று முகைதீன்பாவா இரக்கப்பட்டார். டோர்ச் வீட்டில் இருக்கிறது, அதுவும் சீதனத்தோடு வந்ததுதான் என்று வினாயகமூர்த்தி சமாதானம் சொன்னார்.

அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து திருகினார். ஒரு விசில். ஒரு கொப்பளிப்பு. எவரோ எங்கோ தொழுகிற சத்தம். பிறகு, கழுவித் துடைத்ததுபோல ஒரு தூர தேசத்துப் பெண்குரல், எந்த வீட்டிலும் பேசப்படாத தமிழில்: "மதிப்புக்குரிய நேயர்களே, வணக்கம்."

நேயர்களே என்பதை அவர் மரியாதைப் பன்மையாக எடுத்துக்கொண்டார். குசினிக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார்.

"கேட்டியா? என்னைத்தான்."

"ஓம். அவ உங்கள நேர்ல காணேல்லதானே," என்றாள் கேதீஸ்வரி.

அந்தச் சந்தோசத்திலேயே றேடியோவைப் பேச விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் ஒரே இரைச்சல். கொதிக்கிற எண்ணெயில் கடுகைக் கொட்டி மூடாமல் விட்டதுபோல. அந்தப் பெண் எங்கோ அடியில் கிடந்து மூச்சுத் திணறினாள். வினாயகமூர்த்தி றேடியோவைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில் இருந்து குசினிக்கு, குசினியில் இருந்து மாட்டுக் கொட்டிலுக்கு நடந்தார். கோழிக்கூட்டின் மேல் ஏறினார். கோழிகள் வெளியே வந்து பார்த்தன. லைட்டை நூர்த்தார். பேனை நிற்பாட்டினார். டிவியை நிற்பாட்டினார். இரைச்சல் நிற்கவில்லை. மெயின் சுவிச்சில் கை வைக்கப் போனபோது, பிரிட்ஜில் மீன் கிடக்கிறது, நாறினால் நீங்களே தின்ன வேண்டும் என்று உள்ளே இருந்து குரல் வந்தது. கையை எடுத்துவிட்டார்.

"சிற்றலை எண்டு வாங்கினார். இப்ப ஆள்தான் அலையிறார்," என்று கேதீஸ்வரி வேலிக்கு மேலால் தங்கைக்குச் சொன்னாள்.

"இது சிற்றலை இல்லக்கா. பேரலைச்சல்," என்றாள் சின்னத்தங்கம்.

அவர் முகைதீன்பாவாவுக்குப் போன் எடுத்தார். கரண்ட் சாமான் கிட்ட இருந்தால் சிற்றலை இரையும், கரண்ட் இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று பதில் வந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்த கேதீஸ்வரியின் அகப்பை நின்றது.

"கரண்ட் இல்லாத இடம் எண்டு வட்டைக்கு மட்டும் வெளிக்கிடாதீங்க. உங்கட முழங்காலுக்கு ஏலாது."

"என்ர முழங்காலைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

"பனியும்தானே."

"பனி என்ன, பாம்பா கடிக்க?"

"மறுகா, யானை வரும்."

"வரட்டும். அதுவும் இருந்து கேட்கட்டும்," என்றார் வினாயகமூர்த்தி.

வாடியில் குரல் கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக வந்தது. மதிப்புக்குரிய நேயர் வரம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார். பற்றைக்குள் இருந்து எட்டிப் பார்த்த பன்றிகள் அவ்வளவு சுத்தமான தமிழைக் கேட்டுப் பழக்கமில்லாமல் திரும்பிப் போயின. கேதீஸ்வரி ஒவ்வொரு பின்னேரமும் போகாதீங்க என்றாள். அவர் ஒவ்வொரு பின்னேரமும் போனார். தலையணையைத் தரமாட்டேன் என்றாள், பறித்துக்கொண்டு போனார். பாய் வேண்டாம் என்றாள், அதையும் சுருட்டினார். ஒருநாள் அவள் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கையில் வெங்காயம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அறுவடை மெசின் வந்து வெட்டி முடித்தபோது, அந்த வட்டையிலேயே பன்றி வாய் வைக்காத வயல் அது ஒன்றுதான். வினாயகமூர்த்திக்குப் பெருமை நெல்லில் இல்லை. மனைவி சொல்லை ஒரு போகம் முழுக்கக் கேட்காமல் இருந்த ஆண்பிள்ளை அந்த ஊரில் வேறு யார்?

பாயும் தலையணையுமாக வீடு திரும்பினார். விறாந்தையில் வைத்து, பழைய இரைச்சலுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு, றேடியோவைத் திருகினார். தெளிவாகப் பேசியது. தன் கை பழகிவிட்டது என்று அவர் விளங்கப்படுத்தினார். இருக்கும் என்று கேதீஸ்வரி ஒத்துக்கொண்டாள்.

பற்றரி மாற்ற அவர் அறைக்குள் இருந்தபோது வேலியடியில் சின்னத்தங்கத்தின் குரல் கேட்டது.

"அக்கா, உன்ர வேலை முடிஞ்சுதெண்டா அந்த இரையிற சார்ஜரைத் தா. எங்கட வெள்ளாமை பிந்தினதுதானே. எங்கட ஆளும் றேடியோ ஒண்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கார்."

"மெல்லக் கதை. மூட்டையளுக்குப் பின்னால கிடக்கு, எடுத்துத் தாறன்."

"எங்க கொழுவோணும்?"

"எங்க கொழுவினாலும் சரி. அவர் கண்ணில படாமக் கொழுவு. இவர் முதல்நாள் கிணத்தடிக்குப் போன நேரம் சும்மா என்ர போனுக்குக் கொழுவினன், றேடியோ கத்திச்சு. கழட்டினன், நிண்டுது. அப்பதான் எனக்கு வெள்ளாமை நினைப்பு வந்தது. மறுகா, போகாதீங்க எண்டு சொல்ல மறந்திடாத. அதுதான் முக்கியம்."

பற்றரி ஒன்று உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது. வினாயகமூர்த்தி எடுக்கவில்லை. சின்னத்தங்கத்தின் புருசனை, தன் சகலனை, எச்சரிக்க வேண்டும் என்று படலை வரைக்கும் போனார். எச்சரிப்பதென்றால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் சகலனே படலையடியில் நின்றார். கக்கத்தில் தலையணை, கையில் றேடியோ, முகத்தில் ஒரு வெற்றி.

"வட்டைக்குப் போகாதீங்க எண்டு சின்னத்தங்கம் அழுகிறா அண்ணன். நான் கேப்பனா?"

வினாயகமூர்த்தி வாயைத் திறந்தார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கேதீஸ்வரி விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கேக்காதீங்க," என்றார்.

றேடியோ விறாந்தையில் இப்போதும் தெளிவாகத்தான் கேட்கிறது. சார்ஜர் சின்னத்தங்கத்தின் வீட்டில் இருக்கிறது.