ஆட்டத்தைப் பார்க்காத மாஸ்டர்

உலகத்தில் எத்தனையோ கோச்சுகள் இருந்திருப்பார்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்ற கோச் எங்களுக்கு மட்டும்தான் வாய்த்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் நூல் மில்லில் அவர் முதுகு மாஸ்டர்.

எண்பதுகளில் அந்த மில்லுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. பந்து ஆடுவதற்காகவே எங்களைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தார்கள், எல்லோரும் தற்காலிகம். முந்தைய வருடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்த சீசனில் அரையிறுதிக்காவது போகாவிட்டால் அணியைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கேப்டன் சலீமுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து புது கோச்சாக மாஸ்டர் வந்து இறங்கினார்.

பயிற்சியில் அவரைக் குறை சொல்ல முடியாது. பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே அது கூடையில் விழாது என்பார், விழாது. ஆட்டம் என்று வந்தால்தான் வம்பு. முதல் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமானதும் சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். பெஞ்சில் இருந்த உபரி ஆட்டக்காரன் நான். என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“பந்து யார்கிட்ட இருக்குது கண்ணு?”

“சலீம்கிட்டங்க மாஸ்டர்.”

“அப்ப பறிச்சிருவாங்க.”

பறித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கண் நான்தான். நான் எச்சில் விழுங்கினால்கூட அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் நடந்த ஆட்டத்தில் ஆளையே காணவில்லை. எப்படியோ ஜெயித்துவிட்டு, தேடித் தேடிக் களைத்து ஊர் திரும்பினோம். மறுநாள் காலையில் மில் வாசலில் நின்றார். படபடப்பாக இருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாராம். நின்றிருந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்தால் விசில் சத்தம் கேட்காது என்று ஏறினாராம்.

“வண்டிய எடுத்துட்டாங்க. டிக்கெட்டும் கொடுத்துட்டாங்க. அப்புறம் எப்படிங்க எறங்கறது?”

இத்தனைக்கும் நடுவில் நாங்கள் தேறிவிட்டோம். தர்மபுரியில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. மேனேஜரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மாஸ்டர் பஸ் ஏறிவிடக் கூடாது என்று சலீம் அவருடைய செருப்பை எடுத்து ஒளித்து வைத்தான்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது எங்கள் ஆள் ஒருவன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினான். என்னை உள்ளே அனுப்பினார்கள். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். போன வேகத்தில் என்னை இடித்துத் தள்ளினார்கள். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு புள்ளி.

கோட்டுக்கு வெளியே பார்த்தேன். ஆட்டம் சொல்ல நான் பக்கத்தில் இல்லாததாலோ என்னவோ, மாஸ்டர் வெறுங்காலோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் முகம்.

முதல் பந்து விழுந்தது. இரண்டாவது பந்து வளையத்தில் பட்டு வெளியே உருண்டது. எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கடைசி நொடியில் கூடையில் போட்டது. தோற்றோம்.

மறுநாள் மாஸ்டர் ஊருக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தோம். அவரோ மேனேஜர் அறையில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

“டீமைக் கலைச்சிடுங்க. என்னையும் அனுப்பிடுங்க. பசங்கள மட்டும் மில்லுக்குள்ள எடுத்துக்கங்க. நல்லா ஒழைக்கிற பசங்க.”

மேனேஜர், பார்க்கலாம் என்றார்.

“எப்பங்க பாப்பீங்க?”

மேனேஜர் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். சாயங்காலத்துக்குள் எங்கள் எல்லோருக்கும் ஸ்பின்னிங் பிரிவில் நிரந்தர வேலை என்று முடிவாகிவிட்டது. அவருக்கு வேலை போனது.

அவரை வழியனுப்ப, அணியே பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

“ரெண்டாவது பந்துல முழங்கைய வெளிய விட்டுட்ட கண்ணு. மத்தபடி நல்லாத்தான் போட்ட.”

பஸ் கிளம்பியது. மில்லில் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. நிரந்தர வேலையில் எங்களுக்கு அதுதான் முதல் நாள். பஸ் கண்ணுக்கு மறையும்வரை ஒருவனும் நகரவில்லை. அன்றைக்கு எல்லோருமே தாமதம்.