அக்கா மகளின் ஓட்டத்தை நான் நிறுத்திய வரலாறு

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

சிறுவயதில் என்னை இடுப்பில் சுமந்து, அதை இன்றுவரை மாதம் ஒருமுறை சொல்லிக்காட்டிவரும் தங்களுக்கு, தங்கள் ஒரே தம்பி குனிய முடியாத இடுப்போடு குனிந்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே உன் மகள் நலம், மாப்பிள்ளை நலம், பேரப்பிள்ளைகள் இருவரும் அளவுக்கு மீறிய நலம். நலமில்லாத ஒரே ஜீவன் நான்தான்.

"ரெண்டு பிள்ள பெத்தவளுக்கு மாரத்தான் எதுக்குடா? நீ போயி நிறுத்திட்டு வா" என்று என்னைத் தூது அனுப்பினாயே, அதன் முழு அறிக்கை இது. போனில் அடங்கும் விஷயமா இது? அதனால்தான் "கடிதம் வருது, பொறு" என்றேன்.

நான் போய் இறங்கிய காலை, சமையலறையில் உன் மகள் சின்னவனை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். "ஜிம்முக்குப் போக எங்க மாமா நேரம்? இவன் பத்து கிலோ, இவனே போதும்." நாற்காலியில் நின்று கணக்குப் பார்த்தவள் மூத்தவள். நாலு வயதுதான் என்றாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் மேனேஜர். "ஆறு... ஏழு... அஞ்சு... அம்மா ஏமாத்தாத, மறுபடி மொதல்லேர்ந்து!" இந்த மேனேஜரிடம் பயிற்சி எடுத்தால் மலையையே முதுகில் கட்டிக்கொண்டு ஓடலாம்.

நீ சொல்லி அனுப்பிய அறிவுரையை எடுத்துவிட வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னவன் என் மடிக்கு மாறிவிட்டான். "பேச்செல்லாம் அப்புறம் மாமா. பந்தயத்துக்கு முன்னாடி கடைசி நீண்ட ஓட்டம் இன்னிக்குத்தான். இத முடிச்சாத்தான் கோச் என்ன விடுவாரு. எங்க வீட்டுக்காரரு நைட் டியூட்டி முடிச்சுத் தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று மாப்பிள்ளையின் அறையைக் காட்டிவிட்டுப் பறந்தே போய்விட்டாள். பறந்த அவசரத்தில், சின்னவனைக் கழுவுவதற்காகக் கழற்றிய ஓட்டக் கடிகாரத்தைத் தொட்டி ஓரத்திலேயே விட்டுவிட்டாள். அது சாதாரணக் கடிகாரமில்லை அக்கா. கட்டியிருப்பவரின் இதயத்துடிப்பை, ஊரின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளரின் போனுக்குக் கோள்மூட்டும் நாரதக் கடிகாரம்.

மேனேஜர் அதை எடுத்துவந்து என் கையில் மாட்டினாள். "யாரு ஓடுறாங்களோ அவங்கதான் கட்டணும் தாத்தா." நான் எங்கே ஓடப்போகிறேன் என்று சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் சின்னவன் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்துவிட்டான். பாற்கடலைக் கடைந்தவர்கள் தேவரும் அசுரரும் சேர்ந்து. நான் ஒற்றை ஆள். அவன் கட்டிலடியில் புகுந்தால் நானும் புகுந்தேன், மேசையைச் சுற்றினால் நானும் சுற்றினேன், வழுக்கி ஒருமுறை ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அமர்ந்த கோலத்திலேயே பயணம் செய்தேன். இத்தனையும் மாப்பிள்ளை விழிக்கக் கூடாதென்று நுனிக்காலில், ஓசையில்லாமல். "வேகமா தாத்தா! வேகமா!" என்று மேனேஜர் போட்ட கூச்சலுக்கே எழாதவர், நான் ஒரு முனகல் முனகியதும் "என்ன மாமா?" என்று உள்ளிருந்து கேட்டுவிட்டு மறுபடி குறட்டைக்குத் திரும்பினார்.

அப்போது உன் மகள் வீட்டிலேயே விட்டுப்போன போன் அடித்தது. எடுத்தேன். பயிற்சியாளர் அலறினார்: "நில்லுங்க மேடம்! அப்படியே உக்காருங்க! இதயமா இது, சம்மட்டியா? நாலு எட்டுக்கே இப்படின்னா பந்தயத்துல என்ன ஆகும்? மன்னிச்சுக்கோங்க, உங்க பேர எடுத்துடுறேன்." பதில் சொல்ல எனக்கு மூச்சு இருந்தால்தானே! நான் வாங்கிய மூச்சை உன் மகளுடையது என்றே முடிவு கட்டி, அவர் போனை வைத்துவிட்டார்.

பார்த்தாயா அக்கா? ஒரு வார்த்தை பேசாமல் காரியத்தை முடித்தேன். உலகத்தில் எந்தத் தூதனாவது மூச்சு வாங்கியே வென்றதுண்டா? அவள் வந்ததும் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். ஓட்டம் நின்றது. நிம்மதியாகத் தூங்கு. அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ்ந்து, அதில் ஒருநாளாவது இந்தப் பிள்ளைகளை வந்து பார்த்துக்கொள்ள அருள்கூர்க.

இப்படிக்கு,
வெற்றி வாகையும் பால்பவுடரும் சூடிய
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்த நேரம், உன் மகள் வந்து வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. "முடிச்சுட்டேன் மாமா! வாட்ச்சும் இல்ல, யாரும் பாக்கவும் இல்ல, ஆனா முடிச்சுட்டேன்!" என்று சிரித்தாள். மேனேஜர் பிறந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் சின்னவனை வாங்கிக்கொண்டாள். நான்தான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதிலும் பால்பவுடர் மிதந்தது.

பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். "ஐயா, அந்த இதயம் என்னுது." அவர், "மொதல்ல டாக்டரப் பாருங்க" என்றார். அந்த வாரமே நேரில் வந்து, அவளை ஓடவிட்டுப் பார்த்து, பெயரைத் திரும்பச் சேர்த்தார். டாக்டரையும் பார்த்தேன். "நீங்க தாராளமா ஓடலாம். பிள்ளைங்களத் துரத்துறத மட்டும் விட்டுடுங்க" என்றார்.

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. தபால் தாமதம் என்று நான் உன்னிடம் போனில் புலம்பியதெல்லாம் நடிப்பு. பந்தயம் இன்று காலை முடிந்தது. முழுத் தூரத்தையும் ஓடி முடித்தாள் உன் மகள். பதக்கத்தைச் சின்னவன் கடித்துக்கொண்டிருக்கிறான்.

ஒரே ஒரு சிக்கல். பந்தயத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "அம்மா என்ன சொன்னாங்க மாமா?" என்று கேட்டாள். "எழுதிப் போட்டேன். நல்லா ஓடட்டும்னு சொல்லிட்டா" என்றேன். ஆகவே அக்கா, உன் ஆசீர்வாதத்தை உன்னைக் கேட்காமலே செலவழித்துவிட்டேன். அவளுக்கு உடனே ஒரு போன் போட்டு, இந்தக் கடிதம் மூன்று வாரத்துக்கு முன்பே வந்ததாகச் சொல்லிவிடு. முத்திரையில் தேதி தெரியும். உறையை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.