ஷைஜா கடையில் என் முதல் ரிலீஸ்

இனி ஒரு நேந்திரங்காய்க்கும் தோலுரிப்பதில்லை என்று போன ஆவணியில் சபதம் எடுத்தேன்.

கோட்டாறில் எங்களுக்கு ஒரு சிப்ஸ் கடை. போர்டில் 'மகேஷ்குமார் சிப்ஸ்' என்று என் பெயர்தான். ஊரில் கேட்டுப் பாருங்கள், "ஷைஜா கடையா?" என்பார்கள். ஷைஜா என் மனைவி. முன்னால் கல்லாவில் அவள், பின்னால் தோலுரிக்கிறவன் நான். காயின் பால் கையில் பிடிக்கிற கறை இருக்கிறதே, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்யாண வீட்டில் கைகுலுக்க வருகிறவர்கள் என் கையைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அப்போதுதான் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் 'சினிமா கற்றுத்தரும் வியாபாரம்' என்று ஒருநாள் பயிற்சி. கோட்டுப் போட்ட ஒருவர் பொழிந்து தள்ளினார். ஹீரோ முகத்தைச் சும்மா காட்டாதே. என்ன விற்கிறாய் என்று சொல்லாதே, ஊரைப் பேசவிடு. வெள்ளிக்கிழமை இறக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் வேறு ஆளாகிவிட்டேன்.

"ஏ ஷைஜா, வர்ற வெள்ளிக்கிழம நமக்கு ரிலீஸ்."

"என்னது ரிலீஸு? கட பத்து வருசமாத் தெறந்துதான கெடக்கு?"

"இது புதுசு. மிளகு சிப்ஸ். நாப்பது கிலோ. ஒரே நாள்ல விக்கணும்."

"வித்தா?"

"வித்தா கல்லா எனக்கு."

"விக்கல்லண்ணா?"

"ஆயுசுக்கும் தோலுரிக்கேன். வாயத் தெறக்க மாட்டேன்."

"செரி" என்றாள். ஷைஜா ஒரே வார்த்தையில் சம்மதித்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போஸ்டர் அடிக்க அச்சகம் தாணுலிங்கத்திடம் போனேன்.

"ஓய், சிப்ஸுண்ணு எங்கயாவது போடாண்டாமா?"

"சஸ்பென்ஸ் ஓய். பின்னால முழுக்கக் கறுப்பு. நடுவில என் படம். சிரிக்காத படம்."

"கீழ?"

"'ஒரு சகாப்தம்.' அதுக்குக் கீழ என் பேரு. வெள்ளி காலை பத்து மணி, கடை முன்பு. போதும்."

தாணுலிங்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "வீட்டில சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

வியாழன் விடிந்தபோது கோட்டாறிலிருந்து வடசேரிவரை சுவரெல்லாம் நான். கடை ஷட்டரை இறக்கிக் கறுப்புத் துணியும் போர்த்தியாகிவிட்டது. ஊர் என்ன பேசுகிறது என்று பார்க்கச் சட்டையை மாட்டினேன்.

"எங்க பொறப்பட்டாச்சு?"

"சும்மா ஒரு சாயா குடிக்க."

"கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. ரிலீசுக்கு முன்னாடி ஹீரோ ரோட்டில நிண்ணு சாயா குடிப்பானா? கோட்டுக்காரரு அப்பிடியா சொல்லித் தந்தாரு?"

நியாயம்தானே. சட்டையைக் கழற்றினேன். "ஹீரோ போனும் எடுக்கப்பிடாது" என்று போனையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நம்ம பெண்டாட்டி இவ்வளவு சீக்கிரம் தொழில் கற்றுக்கொண்டாளே என்று எனக்கு ஒரே பெருமை. கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்கக் கொல்லையில் தோலுரித்தேன்.

சாயங்காலம் வாசலில் ஞானபாய் அக்காளின் குரல். தினமும் சிப்ஸ் வாங்குகிறவள். "ஏ மக்கா ஷைஜா, நேத்துகூடப் பாத்தேனே." கூடவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வாங்க அக்கா. எல்லாம் தெரியும்" என்றாள் ஷைஜா.

ஒரு நாள் பார்க்காததற்கே இந்த ஏக்கமா என்று நான் உள்ளே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்வாசல் வழியாகக் கடைக்குள் போனேன். ஷட்டர் இடுக்கில் துணியை விலக்கிக் கண்ணை வைத்தேன். தெரு கொள்ளாத கூட்டம். முந்நூறு பேர் இருக்கும். ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி. சிலர் கையில் மாலைகூட இருந்தது. ஒரு விசில் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. நல்ல நாகரிகமான ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாகப் பத்துக்கு ஷட்டரைத் தூக்கி, துணியை உருவி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மாதாவே" என்று ஞானபாய் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முன்வரிசை நாலடி பின்னால் போனது. என்னோடு படித்த சிவபிரசாத் பூதப்பாண்டியிலிருந்து ரோஜாமாலையோடு வந்திருந்தான். பையப்பைய வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"கறை இருக்கு. நம்ம மகேசுதான். ஏலே, அப்ப நீ சாவல்லியா?"

எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கறுப்பு. என் படம். பேர். கிழமை, நேரம், எடுக்கிற இடம். அசல் கண்ணீர் அஞ்சலி.

சிவபிரசாத் கன்னத்தில் ஒன்று வைத்தான். பிறகு கட்டிப்பிடித்து அழுதான். "லீவு போட்டுட்டு வந்தேம்லே, பாவி." மாலையை வீணாக்க வேண்டாம் என்று என் கழுத்திலேயே போட்டான். பாதிப் பேர் சிரிக்க, பாதிப் பேர் முறைத்தார்கள். ஊர் கூடி அடித்தால் போஸ்டர் உண்மையாகிவிடுமே என்று நான் பின்வாசலைப் பார்க்கும்போது ஷைஜாவின் குரல் கேட்டது.

"துட்டிக்குண்ணு எல்லாரும் காலையில பச்சத்தண்ணி குடிக்காம வந்திருப்பிய. இந்தா, சூடா இருக்கு. மிளகு சிப்ஸ்."

சாவுக்குத் துட்டி கேட்க வருகிறவன், எடுத்துமுடித்துக் குளிக்கிறவரைக்கும் ஒன்றும் தின்னமாட்டான். முந்நூறு பட்டினி வயிறு. பிணம் இல்லை, குளிக்கவும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நாற்பது கிலோவும் போய், தட்டில் மிளகுத்தூள்தான் மிச்சம்.

உள்ளதைச் சொல்கிறேன், உயிரோடிருப்பது இவ்வளவு நல்ல சங்கதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோலுரிக்கிறவனுக்காக முந்நூறு பேர் வந்திருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது எனக்கு.

"ஏட்டி, ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலையில. நாளைக்கு ஒரு பாக்கெட் கொறச்சுப் போதுமாண்ணு பால்காரன் கேட்டான்."

"சொல்லப்பிடாதா?"

"சஸ்பென்ஸ்லா. ஒங்க அம்மைக்கும் அக்காளுக்கும் மட்டும் சொல்லிட்டேன். அவிய சிரிச்சிட்டுக் கெடக்காவ."

"சவத்த விடு. நாப்பது கிலோவும் போயாச்சு. கல்லா எனக்கு."

எழுந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டாள். உட்கார்ந்தேன். பத்து வருடக் கனவு. வழக்கமான சிப்ஸ் வாங்க இரணியலிலிருந்து ரயிலில் வந்த இரண்டு பெண்கள் படியேறினார்கள். எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்கள். அடுத்து வந்தவர் படியே ஏறவில்லை.

ஷைஜா பக்கத்தில் வந்து, கழுத்து மாலையை மெதுவாகக் கழற்றினாள்.

"ஹீரோ தெனமும் மொகம் காட்டினா மவுசு போயிரும்லா? கத்தி உள்ள இருக்கு, போங்க. ஒங்க அடுத்த படம் மொத வருச திவசத்துக்குத்தான்."