தானாக இறங்கும் கல்யாணம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். கம்ப்யூட்டரும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் என் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததாகச் சொன்னீர்களாம். அதனால் இதை டைப் அடித்தே அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்யாண வீடியோ இன்னும் இறங்கவில்லை. இன்று மாலை ஆறு மணிக்கு மேல் தான் அனுப்பிய லிங்க் செத்துவிடும், தன்னிடமும் வேறு பிரதி இருக்காது என்று வீடியோக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். உங்கள் லேப்டாப்பிலோ அவ்வளவு பெரிய படத்துக்கு இடமில்லை. நீங்கள் இருவரும் கைப்பிடித்த நேரத்தில் உங்கள் மாமியார் மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் கல்யாணத்தை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. சாவி யார் பாக்கெட்டில் இருந்தது என்பது இப்போது தேவையில்லாத பேச்சு.

நீங்கள் வந்திருந்தபோது ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனீர்கள். லிங்க்கைக் கொடுத்துவிட்டால் போதும், யாரும் தொடாமல் சும்மா இருக்கும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாகவே இறக்கிக்கொள்ளும், யாராவது தொட்டால் மரியாதையாக நிறுத்திவிடும். இந்த வீடியோக்காரரின் லிங்க்கோ ஒரு தடவை நின்றால் மறுபடியும் முதலிலிருந்துதான். ஏற்பாட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை, நான் ஆயுள் முழுக்க ஆபீஸில் குப்பை கொட்டியவன். ஒரு ஃபைல் தானாக நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் நின்று, "என்ன ஆச்சு, எங்க இருக்கு" என்று நச்சரித்தால்தான் நகரும். அந்தப் பழக்கத்தில் அடிக்கடி மவுஸை ஆட்டி, எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்தேன். பார்த்து முடித்ததும் அது முதலிலிருந்து ஆரம்பித்தது. போனில் கேட்டதற்கு, "மாமா, நீங்க ஒண்ணுமே பண்ணாம இருந்தா போதும்" என்றீர்கள். உங்கள் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "அது அவருக்குக் கைவந்த கலையாச்சே" என்றாள்.

அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்து மேஜை சதி செய்தது. அதற்கு ஒரு கால் குட்டை. மாடி வீட்டுக்காரர் நடந்தால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் மவுஸ் ஆடும். மவுஸைத் தலையணையில் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினேன். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு துண்டாவது எடுத்துப் போட்டீங்களா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அதைக் காதில் வாங்காமல் மாடிக்குப் போய், கொஞ்சம் மெதுவாக நடங்கள் சார் என்றேன். "என் வீட்ல நான் நடக்கறதுக்கு உங்க கம்ப்யூட்டர்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று எகிறினார். பிறகு உங்கள் மாமியார் போய்ச் சாவிக் கதையைச் சொன்னாள். மனுஷன் கண் கலங்கி, காலுக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு பூனை மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் திரை கீபோர்டில் உரசுகிறது என்று ஃபேனை நிறுத்தினோம். வேர்த்துக் கொட்டக் கொட்ட ஜாடையிலேயே பேசிக்கொண்டோம். நேற்று சாயங்காலம், எங்கள் கணக்குப்படி இதோ முடிந்தது என்கிற நேரம், மாடி வீட்டுக்காரர் சத்தமில்லாமல் இறங்கி வந்தார். "என்ன சார், நம்ம பொண்ணு கல்யாணம் எவ்வளவு வந்திருக்கு?" என்று கிசுகிசுத்தார். கேட்டுக்கொண்டே போர்வையை விலக்கி மவுஸை ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து. அந்த ஆசை எனக்குத் தெரியாதா என்ன.

ஆகவே இன்று காலையிலிருந்து கடைசி முயற்சி. உங்கள் மாமியாரையும் மாடி வீட்டுக்காரரையும் ஹாலில் உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, நான் மட்டும் உள்ளே காவல் இருக்கிறேன். வீட்டில் ஒரு தும்மல்கூட இல்லை. சும்மா உட்கார்ந்து நேரத்தை வீணாக்குவானேன் என்றுதான் நிதானமாக, அடித்து அழித்துத் திருத்தி, இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன். இந்தத் தடவை நிச்சயம் முடிந்துவிடும் என்று மனசு சொல்கிறது. நாளைக்கு உங்கள் மாமியார் உங்கள் கல்யாணத்தைப் பார்த்துவிடுவாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: இப்போதுதான் உங்கள் மாமியார் கதவைத் திறந்து, "காலையிலேருந்து உள்ள என்ன டொக் டொக்னு சத்தம்?" என்றாள். மாப்பிள்ளைக்கு லெட்டர் அடிக்கிறேன் என்றேன். "எதுல?" என்றாள். மணி ஆறு தாண்டிவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, மாப்பிள்ளை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாடி வீட்டுக்காரர் சாக்ஸைக் கழற்றிவிட்டார். பிறகு உங்கள் மாமியார் இந்த வரியையும் சேர்த்து அடிக்கச் சொன்னாள்: "ரெண்டு பேரையும் இங்க வந்து இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை சாவி என்கிட்ட இருக்கும்."