அம்மாவிடம் பேசுவது நான் இல்லை

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், சித்தப்பாவுக்குக்கூட. அவர் வாயில் எதுவும் தங்காது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார். அங்கே எல்லோரும் நலமா? எனக்குச் சளி, மற்றபடி நலம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குக் குறிகளில் எழுதித் தருவார். அதுதான் ஸ்பெக். அதன்படி நடந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம், வெளியே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியக் கூடாது என்பார். உங்கள் ஊரில் அம்மாவுக்கு வேலை முடியும்போது இங்கே நடுராத்திரி. போன் பேசிவிட்டு நான் பள்ளியில் தூங்கி வழிகிறேன் என்று, பாவம், அப்பா எனக்கே ஒரு ஸ்பெக் எழுதிவிட்டார். தலைப்பு 'மகள்'. பதினோரு நிபந்தனைகள். மூன்றாவது, சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். ஏழாவது, அம்மா கவலைப்படும்படி எதுவும் சொல்ல மாட்டாள். இப்போது அம்மாவிடம் என் குரலில் ஒரு புரோகிராம் பேசுகிறது.

"அது நான் இல்லையேப்பா" என்றேன்.

"அது பதினொண்ணுலயும் பாஸ்னு நிரூபிச்சாச்சும்மா. நீ பாஸானது ஆறுலதான்" என்றார்.

நேற்று அப்பா தூங்கிய பிறகு, அவர் மேஜைமேல் போன் ஸ்பீக்கரில் அதுவும் அம்மாவும் பேசுவதை நின்று கேட்டேன். "அங்க நல்லா இருக்கியாடி? இல்லேன்னா சொல்லு, இங்கயே கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் அம்மா. இரண்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி, சித்தி! அது சொல்கிறது, "நல்லா இருக்கேம்மா. அதெல்லாம் வேணாம்." அப்படியென்றால் மாதக் கடைசியில் ஒற்றை அறை வீட்டுக்கு மாறிவிடுகிறேன் என்றாள் அம்மா. நான் போனைப் பிடுங்கி, "அம்மா, நான்தாம்மா!" என்று கத்தினேன்.

"யாருடி அது, உன்னை மாதிரியே கத்தறா?"

"டிவிம்மா" என்றது.

நானாகக் கூப்பிட்டாலும் அதுவே முந்திக்கொள்கிறது. அதனால் நீங்கள் நேரில் போய், நான் வருகிறேன், வீட்டை மாற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். போனில் வேண்டவே வேண்டாம். சித்தப்பாவுக்கு வணக்கம், குட்டித் தம்பிக்கு முத்தம்.

உங்கள் அக்கா மகள் (அசல்)

பி.கு.: ரொம்பப் பயந்துவிடாதீர்கள். போன் வந்தால்தான் அது பேசும், மற்ற நேரத்தில் சாதுதான். காலையில் முதல் வேலையாக இதைத் தபாலில்

அப்பா கதவைத் தட்டுகிறார். "தூங்கிட்டியாம்மா?"

"தூங்கிட்டேன்ப்பா."

சித்தி, நான் இன்னும் வாயே திறக்கவில்லை