என் மகளுக்கு நான் அறைத்தோழியாக இருந்த வாரம்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பி, மேற்கொண்டு நலம் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். 'வாண்டு பள்ளிக்கூடத்தை முடிச்சுட்டா, அடுத்த மாசம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகப்போறா, நீ போன வருஷம் ஒருத்தியை அனுப்பினவ, என்னென்ன சொல்லிக்குடுத்து அனுப்பணும்னு எழுது, போன்ல வேண்டாம், போன்ல சொன்னா நான் பாதியிலேயே அழுதுடறேன்' என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். அனுபவசாலி என்று நீ என்னை நினைத்திருப்பதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் உனக்குப் பயன்படும்.

நீச்சல் தெரியாத பிள்ளையை ஆற்றில் தள்ளக்கூடாது, முதலில் தொட்டியில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. என் மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது உனக்குத் தெரியும். ஒன்று, ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய தூரம். அங்கேதான் அவள் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட நிலவியல் இருக்கிறது. மற்றது நம் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம், அங்கே வணிகவியல். எதில் சேர்கிறாள் என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தூரத்துக் கல்லூரிதான் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆகவே நான் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. அவள் தானாக எழுந்ததில்லை, துணி துவைத்ததில்லை, ஓர் அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டதே இல்லை. எனவே அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டையே விடுதியாக்கி ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

உன் அத்தானை வார்டன் ஆக்கினேன். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று 'மேலே', 'கீழே' என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் அந்த இரண்டும் கிடையாது. ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கல்லூரி விடுதியின் விதிகளை எங்கிருந்தோ தேடி எடுத்து, அச்சடித்து, அறைக் கதவில் அவரே ஒட்டினார். விடுதி என்றால் அறைத்தோழி வேண்டும். வீட்டில் வேறு பெண் ஏது? நானே தலையணையைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

"இந்த ரூமுக்குள்ள நான் உன் அம்மா இல்ல. அம்மான்னு கூப்பிடக் கூடாது."

"பின்ன எப்படிக் கூப்பிடுறது?"

"ஏய்னு கூப்பிடு."

தயங்குவாள் என்று எதிர்பார்த்தேன். "ஏய், என் தலைகாணி மேல உட்காராத" என்றாள். பெற்ற வயிறு கொஞ்சம் எரிந்தது உண்மைதான்.

யாரும் யாரையும் எழுப்பக்கூடாது என்பது முதல் விதி. அலாரம் வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. அவள் வைத்தாள், அடித்தது, அணைத்துவிட்டுத் தூங்கினாள். நான் அறைத்தோழி, எனக்கென்ன என்று நானும் தூங்கினேன். வீட்டில் எல்லாரையும் எழுப்புகிறவள் நான் என்பதால் உன் அத்தானும் தூங்கினார். ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுக்கிற அறைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கை உடைந்தவர், கால் பிசகியவர் எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது. ஆகவே வாண்டுவிடம் சொல்: அலாரத்தைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கட்டும், எழுப்பிவிட ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். அடுத்து துணி. அவள் துணியை அவளே துவைக்கிறேன் என்று பெருந்தன்மையாக என் வெள்ளைக் கோட்டையும் சேர்த்து, புது நீல பேண்ட்டோடு ஒரே வாளியில் ஊறவைத்துவிட்டாள். கோட்டு நீலம் பாய்ந்து மழைமேகம் மாதிரி ஆகிவிட்டது. அம்மாவாக இருந்தால் திட்டியிருக்கலாம். அறைத்தோழியாக, "என் துணிய எதுக்குடி தொட்ட?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. "நீ எதுக்கு என் கூடையில போட்ட?" என்றாள். நியாயமான கேள்வி. மாற்றுக் கோட்டு இல்லாததால் அதையே போட்டுக்கொண்டு போனேன். மார்பு எக்ஸ்ரேவுக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தரையைத் துடைச்சு முடிச்சிட்டீங்கன்னா டாக்டரம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்ல சற்றே தாமதித்தேன். ஆகவே சாயம் போகும் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்.

சாப்பாட்டுக் கதை இதைவிட மோசம். நேரம் தப்பினால் சாப்பாடு கிடையாது என்று வார்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமைத்ததும் நான், சமையலறையைப் பூட்டியதும் நான், பேச்சில் நேரம் போனது தெரியாமல் அறைக்குள் இருந்துவிட்டு, பசியோடு உட்கார்ந்து 'இந்த மெஸ்காரிக்கு ஈவு இரக்கமே இல்லை' என்று மகளோடு சேர்ந்து திட்டியதும் நானேதான். அதோடு விட்டதா? ஒரு நாள் கடைசி நேரத்தில் ஒரு இடுப்பெலும்பு வந்து சேர்ந்ததால் எனக்கு வேலை முடியத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால், விடுதி விதிப்படி கேட் பூட்டியிருக்கிறது. வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டார்.

"என்னங்க, வெளியவே உட்கார்ந்திருக்கீங்க?"

"கேட்டை மூடிட்டார்."

"யாரு, உங்க வீட்டுக்காரரா? எத்தனை நாளா இப்படி?"

"இந்த ஒரு வாரம்தான்."

"எங்க வீட்டுக்காரரும் ஒரு வாரம்னுதான் ஆரம்பிச்சார்" என்று பெருமூச்சு விட்டு, எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கு, அது முன்னால இப்படியா?" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து உன் அத்தான், "தாமதத்துக்குக் காரணம் எழுதிக் குடுத்தா திறக்கிறேன். வாய்மொழியா ஏத்துக்க முடியாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வார்டன் வேலை கொடுத்ததும் மனிதருக்கு வாய் வந்துவிட்டது. தையல்காரம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் பேசுகிறார்.

இதுவரை எழுதியது சிரிக்க. இனி எழுதுவதை வாண்டுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதே. முதலில் நீ தனியாகப் படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்சாரம் போய்விட்டது. ஆளுக்கொரு கட்டிலில் படுத்து, ஆளுக்கொரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம். திடீரென்று, "ஏய், ஒண்ணு சொல்லட்டா? எங்கம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்றாள்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நாளைக்கு நான் பக்கத்துக் காலேஜுக்குத்தான் சரின்னு சொல்லப்போறேன்."

"ஏன்டி? கல்லு, மண்ணுன்னு உசிரை விடுவியே?"

"எங்கப்பா பேச மாட்டார். எங்கம்மா நாள் பூரா யார் யாரோ எலும்பைப் பார்த்துட்டு வந்து, அன்னைக்கு நடந்ததெல்லாம் என்கிட்டதான் சொல்லுவாங்க. நான் போயிட்டா யார்கிட்ட சொல்லுவாங்க?"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "இங்க பாரு, உன் அம்மாவா நான் சொல்றேன்…"

"நீ எங்கம்மா இல்ல. அதனாலதான் உன்கிட்ட சொன்னேன்."

தங்கச்சி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் பிள்ளை என்னை விட்டுப் போகமாட்டாள் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருந்தால், 'உன் இஷ்டம்மா' என்று சொல்லியிருப்பேன். கேட்பதற்கு எவ்வளவு நல்ல சொல், பார். அவள் இஷ்டத்துக்கு விடுவது போலவே இருக்கும், என் இஷ்டமும் நடந்துவிடும். அம்மாவாக இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அறையில் நான் அம்மா இல்லை. வேறு வழியில்லாமல், எங்கிருந்தோ வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு பெண் என்ன சொல்வாளோ அதைத் தேட வேண்டியிருந்தது.

"உங்கம்மா அவ்வளவு பாவமா?" என்று கேட்டேன்.

"பாவம்னு இல்ல. பழகிட்டாங்க."

"சரி, நீ இங்கேயே இருக்க. பிடிக்காத பாடத்தைப் படிச்சிட்டு, சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு வருவ. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவ. உங்கம்மா கதவுக்கு வெளிய நிப்பாங்க. அப்பவும் தனியாத்தான் நிப்பாங்க. என்ன, வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கூடுதலா இருக்கும்."

அவள் விசிறுவதை நிறுத்தினாள். "நீ ரொம்பப் பேசற" என்றாள்.

"அதுக்குத்தான்டி அறைத்தோழி. உங்கம்மாவைப் பார்த்துக்கிறது உங்கம்மாவோட வேலை. அது உன் பாடத்திட்டத்துல கிடையாது."

அப்போது கதவு தட்டப்பட்டது. மதியச் சோதனைக்கு வந்த வார்டன். எவ்வளவு நேரமாக வெளியே நின்றாரோ தெரியாது. "ரெண்டு பேரும் உள்ள இருக்கீங்களா?" என்றார். "இருக்கோம் சார்" என்றோம். போய்விட்டார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "அவங்கப்பா பேசக் கத்துக்குவார்னு சொல்லு. சட்டுனு வராது. ஆனா கத்துக்குவார்."

மறுநாள் காலையில் என் மகள் தூரத்துக் கல்லூரிக்குச் சம்மதம் சொன்னாள். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அறைத்தோழியிடம் சொன்னதை அம்மா கேட்கக்கூடாதல்லவா?

ஆகவே, தங்கச்சி, நான் சொல்ல விரும்பும் அறிவுரை இவ்வளவுதான். துணி, அலாரம், சாப்பாடு எல்லாம் அவர்களே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொள்வார்கள். வகுப்பில் புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டாம் என்று சொல். முதல் வாரத்தில் பயத்தில் பற்றிக்கொண்ட தோழியின் கையையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று சொல். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அவமானம் இல்லை என்று சொல். வீட்டை நினைத்து ஏங்கலாம், வீட்டுக்காகப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொல். தினமும் போன் செய்யச் சொல்லாதே. அவள் கிளம்பும்போது அழாதே. நான் அழவில்லை. ஒரு வருஷம் ஆகப்போகிறது, என்னையே பாரேன், நன்றாகத்தான் இருக்கிறேன். உன் அத்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். நேற்றுகூட ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டின் வயிற்றுக்குள் என்ன கோளாறு என்பதை ஆதியோடந்தமாக விளக்கினார். ஒன்றும் புரியவில்லை, முழுக்கக் கேட்டேன். நாம் பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றுமே இல்லை. பழகிவிடும்.

வாண்டு நல்ல உடம்போடும் நல்ல பசியோடும் நல்ல துணையோடும் படித்து முடித்து வரட்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் இருவரின் அன்பு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வாண்டுவுக்குச் சொன்னதெல்லாம் சரி. உனக்குச் சொன்னதை அடித்துவிடு. அழாதே என்று எழுதியிருக்கிறேன். நான் ரயில் நிலையத்தில் அழவில்லை என்பது வாஸ்தவம். அதற்குப் பிறகு, 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லிவிட்டு கதிர் படாமலிருக்க வைத்திருக்கும் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்கிறபோதெல்லாம் அழுதிருக்கிறேன். நோயாளி மூச்சை விடுவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அழுகை சுருக்கமாக முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். பிள்ளையை ஒத்திகை பார்த்து அனுப்பினேன். அனுப்பிய மறுநாளுக்கு எனக்கு ஒத்திகை பார்க்க யாரும் இல்லை. நீ இங்கே எங்கள் விடுதியில் வந்து தங்க விரும்பினால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்று வார்டன் சொல்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். உனக்காக நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வாண்டுவை ரயில் ஏற்றிவிட்டு உன் வீட்டுக்குத் திரும்பாதே. நேரே இங்கே வா.